ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை

கருப்பட்டியைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உலகத்தில் உண்டு என்பது ஷார்ஜா விமான நிலையத்தில்தான் எனக்குத் தெரிந்தது. சுங்கச் சோதனைக்காரர் என் பெட்டியைத் திறந்து ஒரு கருப்பட்டியைக் கையுறை போட்ட கையால் தூக்கிப் பிடித்தார்.

"என்ன இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சர்க்கரை."

"சர்க்கரை வெள்ளையாக இருக்கும். இது கறுப்பு."

ஒரு ஓரத்தை உடைத்து வாயில் போட்டு மென்று காட்டினேன். அவருக்கும் ஒரு துண்டு நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அடுத்து குடம்புளிப் பொட்டலம் வந்தது. அதை முகர்ந்தவர் ஓரடி பின்னால் போய், "மருந்தா?" என்றார்.

"இல்லை. மீனுக்கு."

"மீனுக்கு உடம்பு சரியில்லையா?"

முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டார் பாருங்கள், அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நாகர்கோவிலில் பெண்கள் விடுதி வார்டனாகக் காலந்தள்ளி ஓய்வு பெற்றவள் நான். பொய் சொல்கிறவர்களையும் சும்மா விளையாடுகிறவர்களையும் முகத்தைப் பார்த்தே பிரித்துவிடுவேன். பெட்டியை மூடிக் கொடுத்து, "கல்யாணமா?" என்றார். ஆமாம் என்றேன். கையை நெஞ்சில் வைத்து வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்.

கல்யாணம் என் தங்கை வசந்தாவின் மகள் பெனிலாவுக்கு. பிறந்ததிலிருந்து ஷார்ஜாவிலேயே வளர்ந்த பெண். மாப்பிள்ளை ஜெரினும் எங்கள் மாவட்டத்துக்காரன்தான், மார்த்தாண்டம் பக்கம். ராஸ் அல் கைமாவில் ஓடு செய்கிற தொழிற்சாலையில் இன்ஜினியர். ஊரில் வைக்க வேண்டிய கல்யாணத்தை இங்கே வைத்ததற்கு, அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். பெரியம்மாக்காரி இல்லாமல் கல்யாணமா என்று எனக்கு டிக்கெட் அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வசந்தாவின் கணவர் எட்வின் காத்திருந்தார். ஏ.சி. பழுதுபார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் பேச்சில் பாதி 'யல்லா', பாதி 'கலாஸ்'.

"யல்லா மைனி, ஏறுங்க. பெல்ட்டு போட்டாச்சா? கலாஸ்."

"அதென்ன கலாஸ்?"

"முடிஞ்சுதுன்னு அர்த்தம். இங்க இந்த ஒரு வார்த்தைய வச்சே பொழச்சுக்கிடலாம். சாப்பாடு போதும்னா கலாஸ். வேலை முடிஞ்சா கலாஸ். சண்டை வேண்டாம்னாலும் கலாஸ்தான்."

அந்த ஒரு வார்த்தையை அன்றே பிடித்துக்கொண்டேன். மூன்றாவது தோசைக்கு வசந்தாவிடம் கலாஸ் என்றேன். அவள் கேட்காமல் நாலாவதையும் போட்டாள்.

மறுநாள் பெனிலா என்னை துபாயில் உள்ள தேரா கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பரிசுப் பொருள் வாங்க வேண்டும். சந்துக்குள் ஒரு காயல்பட்டினத்துக்காரர் கடை. உள்ளே பொம்மை, பூட்டு, போர்வை, இரும்புப் பெட்டி, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது. நான் வாயைத் திறந்ததும், "வாங்க அக்கா. நாரோயிலா? பேச்சே சொல்லுதே" என்று முக்காலி எடுத்துப் போட்டார். பெனிலாவின் வெட்கத்தைப் பார்த்து, தொட்டிலுக்கு மேலே கட்டித் தொங்கவிடுகிற பொம்மை ஒன்றை எடுத்தார். யானை, ஒட்டகம், நிலா எல்லாம் சுற்றும்.

"இதையும் வாங்கி வச்சுக்கங்க. கல்யாணம் முடிஞ்சா இது தேடுற நேரம் தன்னால வந்துரும்" என்று சாவியை முறுக்கிவிட்டார்.

பொம்மை பாட ஆரம்பித்தது. அவ்வளவுதான். முக்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கை தானாகப் போய் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டது. தலை குனிந்தது.

கடைக்காரர் பயந்து பொம்மையைப் பிடித்து நிறுத்தினார். "என்னாச்சு அக்கா? மயக்கமா?"

"நிறுத்தாதீங்க!" என்று கத்திவிட்டேன். "விடுங்க, முடியட்டும்!"

அவர் கையை எடுத்தார். ஒட்டகமும் யானையும் மெல்லச் சுற்ற, பாட்டு முடிகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கடையில் நின்ற ஒரு ஆப்பிரிக்கப் பெண்மணி என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். அந்த மெட்டு எங்கள் ஊரில் பெட்டி எடுக்கிற பாட்டு. செத்தவரைப் பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கும்போது பேண்டு செட்டுக்காரர்கள் முதலில் ஊதுவது அதைத்தான். 'நித்திரை' என்று தொடங்கும். அது காதில் விழுந்தால் கடைத்தெருவில் டீ குடிக்கிறவன்கூட கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நிற்பான். பெண்கள் தலையில் முந்தானை போடுவார்கள். பாதியில் நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் அதே வீட்டுக்கு இன்னொரு பெட்டி வரும் என்பார்கள். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று விடுதிப் பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் என் கால்களுக்கு நான் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லையே.

இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் பெனிலா என் கையைப் பிடித்துக் குதித்தாள். "பெரியம்மா! உங்களுக்கு இந்த ட்யூன் தெரியுமா? ஓ மை காட்! இதுதான் என் என்ட்ரி சாங். நான் சர்ச்சுக்குள்ள நடந்து வரும்போது என் ஃப்ரெண்ட்ஸ் லைவா வாசிக்கப்போறாங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, சர்ப்ரைஸ்!"

பெனிலா செல்லோ வாசிக்கிறவள். அதுதான், ஆள் உயரத்துக்கு வயலின் மாதிரி இருக்குமே, அது. வீட்டில் அவள் பயிற்சி செய்யும்போது அடித்தட்டு ஓசை 'டூம் டூம்' என்று மட்டும்தான் கேட்குமாம். மெட்டு மற்றவர்களின் வயலினில் இருக்கிறது. அதனால்தான் வசந்தாவுக்கு இதுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் செல்லோவை அன்றைக்கே அடுப்பில் வைத்திருப்பாள்.

"இது எதிலுள்ள பாட்டு மக்களே?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஓபரா பெரியம்மா. முந்நூறு வருஷப் பழசு. இட்டாலியன். லக் பாருங்க, யூரோப்லேருந்து ஒரு ட்ரூப் அதையே இங்க போட வந்திருக்காங்க. சனிக்கிழமை மதியம். டாடிக்கு டூட்டி. நீங்கதான் வர்றீங்க."

அதற்கு முந்தின நாள் ராஸ் அல் கைமாவுக்குச் சம்மந்தி வீட்டைப் பார்க்கப் போனோம். ஷார்ஜா தாண்டியதும் மணல், அப்புறம் ஒட்டகம், அப்புறம் மொட்டை மலை. எங்கள் ஊர் மலையில் பச்சையைத் தவிர வேறொன்றும் தெரியாது; இங்கே மலையில் பச்சை மட்டும் கிடையாது. கல் ஏற்றின லாரிகள் வரிசையாக வந்தன. வழியில் ஒரு சின்ன டீக்கடை முன்னால் எட்வின் காரை நிறுத்தி ஹாரன் அடித்தார். இறங்கவில்லை. உள்ளிருந்து ஒரு மலையாளி ஓடி வந்து, கார் ஜன்னலில் குனிந்து ஆர்டர் வாங்கிக்கொண்டு போனார். ஏலக்காய் போட்ட கெட்டி டீ, கூடவே முட்டை வைத்துச் சுருட்டின பரோட்டா. நம் ஊரில் டீக்கடை முன்னால் இப்படி ஹாரன் அடித்தால் டீ வராது, வேறு ஏதாவது வரும்.

மாப்பிள்ளையின் அம்மா தங்கபாய் வாசலிலேயே நின்றார். உயரமான, எலும்பான பெண்மணி. "வலது காலை வச்சு வாங்க சம்மந்தி" என்றதுதான் முதல் வார்த்தை. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர், ஆனால் சகுனம் பார்ப்பதில் எங்கள் ஊர் ஜோசியர்கள் இவரிடம் பாடம் கேட்க வேண்டும். நிச்சயதார்த்தத்தில் கேக் வெட்டும்போது மேல் அடுக்கு சரிந்தது என்று, கல்யாணத்தையே அடுத்த ஆறு மாதத்துக்குத் தள்ளிப்போட்டவர். வசந்தா அந்த ஆறு மாதமும் தூங்கவில்லை. ஜெரினும் பெனிலாவும் ஒருவரையொருவர் விடமாட்டோம் என்று நின்றதால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

அயிலை மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வைத்திருந்தார். என் குடம்புளியைக் கொடுத்ததும் முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "இது மணம்" என்றார். சுங்கக்காரரின் கேள்வியைச் சொன்னேன். அந்த அம்மாளுக்குச் சிரிக்கவும் தெரியும் என்று அப்போதுதான் கண்டுகொண்டேன்.

சுவரில் அவர் கணவர் படம் மாட்டியிருந்தது. இதே ஊர் சிமென்ட் ஆலையில் வேலை பார்த்தவர். கொரோனாவில் போனார். ஊருக்குக் கொண்டுபோக முடியவில்லை, இங்கேயே அடக்கம்.

"நாலு பேருதான் போகலாம்னு சொல்லிட்டாவ" என்றார் தங்கபாய், எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டே. "நானும் இவனும், போதகரு ஒருத்தரு, டிரைவரு. எல்லாருக்கும் மூஞ்சிய மூடி. ஊருல அவரு சபையில எத்தன பெட்டிக்குத் தோள் குடுத்தவரு தெரியுமா? அவருக்கு ஒரு பாட்டு இல்ல, ஒரு பேண்டு இல்ல. வேனு ரிவர்சு எடுத்த சத்தம் மட்டும்தான். பீப் பீப்புன்னு."

இந்த அம்மாளுக்கு முன்னால், இவர் மகனின் கல்யாணத்தில், அந்த மெட்டை வாசிக்கப் போகிறார்களா? கேக் சரிந்ததற்கு ஆறு மாதம் என்றால், மணப்பெண் பெட்டி எடுக்கிற பாட்டுக்கு நடந்து வந்தால் இந்தக் கல்யாணம் நடக்குமா? நடந்தாலும், அந்த வீட்டில் பெனிலா காலத்துக்கும் 'சாவுப் பாட்டோடு வந்தவள்'தானே? திரும்பி வரும் வழியெல்லாம் வசந்தா கடல் எவ்வளவு அழகு என்று காட்டிக்கொண்டு வந்தாள். நான் ஒரு சொட்டுக் கடலைக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஓபரா அரங்குக்கு டாக்ஸியில் போனோம். ஓட்டுநர் பெஷாவர்க்காரர். இந்தியில், "அம்மாஜி, அந்தக் கட்டடத்துக்குள் என்னதான் நடக்கிறது? நான் எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறேன், உள்ளே போனதில்லை" என்றார். ராஜா ஒருத்தர் பாடுவாராம் என்றேன். "ராஜாவே பாடினால் வேலைக்காரன் என்ன செய்வான்?" என்று சிரித்தார்.

உள்ளே மார்கழிக் குளிர். நல்லவேளை, வசந்தா சால்வை கொடுத்து அனுப்பியிருந்தாள். திரை விலகியது. நம் கூத்து மாதிரியேதான். தங்க ஜரிகை, தலையில் இறகு, முகத்தில் வெள்ளைப் பூச்சு. ஏதோ கிழக்கத்தி நாட்டு ராஜாவாம். புலி மாதிரி நடந்து வந்து வாயைத் திறந்தார், பெண் குரல் வந்தது. நான் திடுக்கிட்டு பெனிலாவைப் பார்த்தேன். "அது அப்படித்தான், வீரன்னா ஹை வாய்ஸ்" என்றாள். செரி, அவர்கள் ஊர் வீரம் அப்படி.

கதை ரொம்ப எளிது. ராஜாவுக்கு ஒரு பெண்மேல் ஆசை. அதனால் தூக்கம் வரவில்லை. தலையணையை இப்படிப் போடுகிறார், அப்படிப் போடுகிறார். மந்திரி விசிறுகிறார். கடைசியில் ராஜா படுக்கையில் உட்கார்ந்து, தூக்கமே, நீயாவது என்மேல் இரக்கம் வைத்து வா என்று கெஞ்சுகிறார். அந்த மெட்டு தொடங்கியது.

எத்தனை பிடித்தும் என் கால்கள் நிற்கவில்லை, அதாவது நின்றுவிட்டன. எழுந்து சால்வையைத் தலையில் போட்டுக் குனிந்துவிட்டேன். பெனிலா புடவையைப் பிடித்து இழுக்கிறாள். பின்வரிசையில் ஒரு ஐரோப்பியக் கிழவர், "அம்மா, தயவுசெய்து உட்காருங்கள்" என்கிறார். பாதியில் உட்காரவா? மாட்டேன்.

அப்போதுதான் எங்கள் ஊர்ப் பேண்டில் இல்லாத ஒன்று நடந்தது. மெட்டு ஒரு சுற்று முடிந்ததும் மேடைக்கு வெளியே சேவல் கூவியது. ராஜாவுக்கு வந்ததே கோபம்! வயலின்கள் எல்லாம் தடதடவென்று ஓட, அந்தச் சேவலின் கழுத்தை முறி, அதைக் குழம்பு வை என்று குதிக்கிறார். நான் சிரித்துவிட்டேன், தலையில் முக்காட்டோடு. கோபம் அடங்கினதும் ராஜா திரும்பத் தலையணையில் சாய்ந்து, பழையபடி முதலிலிருந்து அதே கெஞ்சல். அது முடிந்ததும் கைதட்டல். நான் நிற்பதைப் பார்த்து எங்கள் வரிசை எழுந்தது. அதைப் பார்த்து அடுத்த வரிசை. அரங்கில் பாதிப் பேர் எழுந்து தட்டினார்கள். ராஜா என்னை நோக்கித் தனியாக ஒரு கும்பிடு போட்டார்.

வெளியே வந்து ஷவர்மா சாப்பிட உட்கார்ந்தோம். பெனிலா மகிழ்ச்சியில் மிதந்தாள். "பெரியம்மா, நீங்க அவ்வளவு ஃபீல் பண்ணுவீங்கன்னு நினைக்கவே இல்ல."

"ஃபீல் இல்ல பிள்ளே, பழக்கம்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, பேண்டு, முந்தானை, தங்கபாய், ரிவர்ஸ் சத்தம் எல்லாம்.

அவள் ஷவர்மாவைக் கீழே வைத்துவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு கண் கலங்கியது. பிறகு கோபம் வந்தது. "இது லவ் சாங் பெரியம்மா! இத சாவுப் பாட்டா மாத்தினது யாரு?"

அந்தக் கதையில் அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது. ஓபரா முதலில் ஓடவே இல்லையாம். எழுதினவர் நல்ல மெட்டு வீணாகிறதே என்று அதை எடுத்து மாதா கோயிலுக்கு ஒரு பாட்டாக்கினார். அதற்கு முன்னாலும் அவரே வேறெதிலோ போட்டதுதானாம்.

"தன் பாட்டையே தான் திருடினாரா?"

"அப்போ அதெல்லாம் சகஜம். நல்லா இருந்தா திரும்ப யூஸ் பண்ணுவாங்க."

புரிந்தது. மீந்த இட்லியை யார் வீசுவார்கள், சாயங்காலம் உப்புமா ஆக்குவோம். பிறகு இங்கிலாந்தில் யாரோ அதன் வேகத்தைக் குறைத்து, சேவலைத் தூக்கிவிட்டு, குழந்தைகள் படுக்கப் போகும்போது பாடுகிற ஜெபமாக்கினார்கள். அதுவரைதான் அவளுக்குத் தெரியும். மிச்சப் பாதி எனக்குத் தெரியும் என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. எங்கள் விடுதியில் ஆதி காலத்தில் விளக்கணைக்கும்போது அந்தப் பாட்டைத்தான் பாடினார்களாம். பழைய ஆட்கள் சொல்வார்கள். மிஷனரி அம்மா ஒருவர் சொல்லிக்கொடுத்தது. தமிழில் ஆக்கின உபதேசியார் 'தூக்கம்' என்று போட்டிருக்கலாம். கௌரவமாக இருக்கட்டும் என்று 'நித்திரை' என்று போட்டுவிட்டார். எங்கள் ஊரில் தூங்கினால் தூங்கினான் என்போம். நித்திரையடைந்தார் என்றால் சுவரில் போஸ்டர் ஒட்டிவிடுவோம். ஒரே ஒரு சொல், தூங்கப்போன பிள்ளைகளின் பாட்டு பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது.

"அப்போ தப்பு அந்த உபதேசியார் மேல" என்றாள் பெனிலா.

"அவரும் நித்திரையடைஞ்சுட்டாரு, விடு."

சிரித்தாள். ஆனாலும் பாட்டை விட மனமில்லை. ஜெரினை முதன்முதலில் சந்தித்தது இதை வாசித்த ஒரு கச்சேரியிலாம். அவனும் ஊரில் வளராதவன், அவனுக்கும் இது பெட்டிப் பாட்டென்று தெரியாது. "என் வெட்டிங். என் சாங். அதுக்காக மாமிய அழவைக்கவும் முடியாது. நான் என்ன பண்றது?" என்று மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டாள்.

"சேவல் பாட்டு இருக்கே" என்றேன். "அது எங்க ஊருல ஒரு நாய்க்கும் தெரியாது. அத வாசிக்கச் சொல்லு. பாட்டும் உன் பாட்டுதான்."

தலையைத் தூக்கிப் பார்த்தாள். என் கன்னத்தில் ஷவர்மா வாயோடு ஒரு முத்தம் கிடைத்தது.

கல்யாணம் ஒரு பெரிய மதில் வளாகத்துக்குள். அங்கே ஒரே மதிலுக்குள் பல சபைகளின் கோயில்கள். ஒவ்வொரு மொழிக்காரர்களுக்கும் ஒவ்வொரு நேரம். எங்களை ஏற்றிவந்த மினிபஸ் ஓட்டுநர் தவறான வாசலில் இறக்கிவிட, வசந்தாவும் நானும் பட்டுச்சேலையோடு ஒரு மலையாளிக் கல்யாணத்தில் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டோம். மாப்பிள்ளைக்கு மீசை இருப்பதைப் பார்த்துத்தான் எழுந்தோம். ஜெரினுக்கு மீசை கிடையாது. போகும்போது ஒரு பெரியவர் எங்கள் கையில் கட்லெட் கொடுத்து அனுப்பினார்.

எங்கள் கோயிலுக்குள் ஓடி வந்தபோது வாத்தியக்காரர்கள் தயாராக இருந்தார்கள். தலைவர் ஜோயல், பிலிப்பைன்ஸ்காரர், ஓட்டலில் வயலின் வாசிக்கிறவர். "நடுப்பகுதி மட்டும், தெரியும்தானே?" என்று என் ஓட்டை ஆங்கிலத்தில் கேட்டேன். "யெஸ் மேடம், கவலை வேண்டாம்" என்றார். வெளியே அவர் நாட்டுச் சபையே அடுத்த ஆராதனைக்குக் காத்து நின்றது. தங்கபாய் முன்வரிசையில், மாம்பழ நிறப் பட்டில், வலதுகாலை முன்னால் வைத்து நின்றுகொண்டிருந்தார்.

கதவு திறந்தது. பெனிலா எட்வினின் கையைப் பிடித்து நின்றாள். என்ன அழகு! வயலின்கள் தடதடவென்று புறப்பட்டன. சேவல் கோபம் கல்யாணத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று அன்றுதான் தெரிந்தது. எல்லாரும் எழுந்து செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். வசந்தா அழ ஆரம்பித்தாள், சந்தோஷத்தில்.

பாதி தூரம் வந்ததும் பெனிலாவின் முக்காட்டுத் துணி ஒரு பெஞ்சு முனையில் மாட்டிக்கொண்டது. எட்வின் குனிந்து எடுக்கப் பார்க்கிறார், வரவில்லை. அதற்குள் வேகப் பகுதி முடிந்துவிட்டது. மணப்பெண் நடுவழியில் நிற்கிறாள். ஜோயல் பார்த்தார். அவர் பாவம், பிறந்ததிலிருந்து பழகினது அது. நடுப்பகுதி முடிந்தால் என்ன செய்வார்கள்? தலைப்புக்குத் திரும்பி முதலிலிருந்து வாசிப்பார்கள். வாசித்தார்.

செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஆண்கள் கைகட்டினார்கள். முந்தானைகள் தலையில் ஏறின. வசந்தாவின் அழுகை சட்டென்று நின்று, வாய் திறந்தபடி இருந்தது. எங்கள் ஆட்கள் குனிவதைப் பார்த்து, இது தமிழர்களின் கல்யாண வழக்கம் போலும் என்று மலையாளிகளும் மற்றவர்களும் மரியாதையாகத் தலைகுனிந்தார்கள். நடுவில் வெள்ளைச் சேலையில் பெனிலா என்னைப் பார்க்கிறாள்.

நான் ஜோயலை நோக்கிக் கையை ஆட்டிக்கொண்டே ஓடினேன். முன்வரிசையைத் தாண்டும்போது ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. தங்கபாய்.

"நிறுத்தாதீங்க" என்றார். "பாதில நிறுத்தப்பிடாது, கேட்டியளா."

மாம்பழப் பட்டு தலையை மூடியிருந்தது. என் கையை விடவே இல்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது, அந்த நித்திரைப் பாட்டின் வார்த்தைகளை முதலிலிருந்து கடைசி வரை ஓசையில்லாமல் பாடினார். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற ஜெரின் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் குனிந்துகொண்டான். பாட்டு முடிந்தது.

தங்கபாய் முந்தானையைத் தலையிலிருந்து இறக்கி முகத்தை அழுந்தத் துடைத்தார். நேரே பெனிலாவிடம் போனார். என் கையையும் விடாததால் நானும் கூடவே போனேன்.

"மாமி, சாரி மாமி, நான் வேணும்னு..." என்று தொடங்கினாள் பெனிலா.

"என்னத்துக்குச் சாரி? எனக்க வீட்டுக்காரருக்கு யாரும் வாசிக்கல மக்களே. நானும் எத்தன நாளா நெஞ்சுல வச்சிட்டு இருந்தேன். இன்னைக்கு ஆச்சு. அவர நல்லா அனுப்பியாச்சு." அப்படியே குனிந்து, பெஞ்சில் மாட்டியிருந்த முக்காட்டுத் துணியைத் தன் கையாலேயே விடுவித்தார். "இனி உனக்க கல்யாணம். நீ வாசலுக்குப் போ. திரும்ப முதல்லருந்து வா. வலது கால மறந்திராத. ஏய் தம்பி வயலினு! அந்த ஓட்டப் பாட்டு, அது வாசி!"

பெனிலா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விசும்பினாள். எனக்கும் தாங்கவில்லை, அங்கேயே அழுதேன். பிறகு அப்பாவும் மகளும் வாசலுக்குத் திரும்பி ஓடினார்கள். கோயில் பொறுப்பாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், ஒருவரும் பார்க்கவில்லை.

கதவு மறுபடி திறந்தது. சேவல் கோபம் மறுபடி புறப்பட்டது. இந்தத் தடவை செல்போன்கள் மேலேயே இருந்தன. பெனிலா சிரித்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடியே வந்து, ஜெரினின் பக்கத்தில் நின்றாள். வேகப் பகுதி முடிந்தது. ஜோயல் மூச்சை இழுத்தார். வில் மறுபடி மெல்ல உயர்ந்தது. கண் தாளின் தலைப்புக்குப் போவதை நான் பார்த்துவிட்டேன்.

"கலாஸ்!" என்று கத்தினேன்.

கோயில் முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகத் தங்கபாய்தான் சிரித்தார்.